தேய்வதற்கென்றே பிறந்தவை

பிரஷர் குக்கர் மூடியில், வெயிட் போடும் குழாய்க்குச் சற்றுத் தள்ளி, சட்டைப் பொத்தான் அளவில் ஓர் உலோகத் துண்டு திருகப்பட்டிருக்கும். பாத்திரக் கடையில் சேஃப்டி வால்வு என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பல குக்கர்களில் இதன் நடுவே, குறைந்த வெப்பத்திலேயே உருகக்கூடிய உலோகக் கலவையை அடைத்திருப்பார்கள். வெயிட் குழாயில் பருப்பு அடைத்துக்கொண்டாலோ, தண்ணீர் சுண்டிப் பாத்திரம் காய்ந்துபோனாலோ உள்ளே சூடு ஏறும். மூடி பிய்த்துக்கொண்டு பறக்கும் நிலை வருவதற்குள் அந்தக் கலவை உருகி வழிவிட, நீராவி சீறிக்கொண்டு வெளியேறிவிடும். வால்வு அத்துடன் வீண். குக்கரும் அதன் அருகே நின்றவரும் தப்பிவிடுவார்கள்.

இந்தச் சிறு துண்டின் வம்சம் பெரியது. 1803-இல் லண்டனை அடுத்த கிரீனிச்சில், ரிச்சர்டு ட்ரெவிதிக் வடிவமைத்த நீராவி எந்திரம் ஒன்றின் கொதிகலன் வெடித்துச் சிலர் உயிரிழந்தனர். அதன் பிறகு அவர் தம் கொதிகலன்களில் ஈயத்தாலான அடைப்பு ஒன்றைப் பொருத்தத் தொடங்கினார். தண்ணீர் மட்டம் ஆபத்தான அளவுக்கு இறங்கினால் ஈயம் உருகி நீராவிக்கு வழிவிடும். இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த யோசனைதான் இன்று நம் சாம்பார்ப் பருப்புக்கு மேலே காவல் இருக்கிறது.

விலை மலிந்த ஒரு பாகத்தை முதலில் பறிகொடுத்து, விலை உயர்ந்ததைக் காப்பாற்றுவது பொறியாளர்களின் பழைய உத்தி. வீட்டில் இருக்கும் ஏறக்குறைய எல்லாச் சாதனங்களுக்குள்ளும் இப்படி ஒரு காவலாளி உண்டு. சில உருகும், சில கரையும், சில தேயும், சில ஆவியாகும். ஒரு சாதனம் ஐந்து ஆண்டில் மூலைக்குப் போகிறதா, பதினைந்து ஆண்டு உழைக்கிறதா என்பது பெரும்பாலும் அந்தக் காவலாளியை நாம் கவனித்தோமா என்பதைப் பொறுத்தது. நம்மில் பலருக்கு அவற்றின் பெயர்கூடத் தெரியாது என்பதுதான் வருத்தம்.

கெய்சருக்குள் கரையும் கம்பி

தண்ணீரைச் சேமித்து வைத்துச் சூடாக்கும் கெய்சரின் தொட்டி பெரும்பாலும் எஃகினால் ஆனது. எஃகும் வெந்நீரும் சேர்ந்தால் துரு வரும். அதைத் தடுக்க உட்புறத்தில் கண்ணாடி போன்ற எனாமல் பூச்சு கொடுப்பார்கள். எவ்வளவு கவனமாகப் பூசினாலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் சில இருக்கவே செய்யும். துரு நுழைய அதுவே போதும்.

எனவே தொட்டிக்குள் மக்னீசியத்தாலான ஒரு கம்பியைத் தொங்கவிடுகிறார்கள். இரும்பைவிட மக்னீசியம் மிக எளிதாக எலக்ட்ரான்களை விட்டுக்கொடுக்கும். இரண்டும் உலோகத் தொடர்பில் இருந்து, ஒரே தண்ணீரில் நனைந்திருந்தால், அரிப்பின் பசிக்கு மக்னீசியமே முதலில் இரையாகும். அது கரையக் கரைய வெளிவிடும் எலக்ட்ரான்கள் எஃகுக்குப் போய்ச் சேருவதால், இரும்பு தன் எலக்ட்ரான்களை இழப்பதில்லை, துருவும் பிடிப்பதில்லை. பூச்சில் துளை இருந்தாலும் தொட்டி பிழைத்திருக்கும்.

இதை முதலில் செய்து காட்டியவர் ஹம்ஃப்ரி டேவி. பிரிட்டிஷ் கடற்படையின் மரக் கப்பல்களுக்கு அடிப்பாகத்தில் தாமிரத் தகடு அடித்திருந்தார்கள். கடல்நீர் அந்தத் தாமிரத்தை அரித்துத் தின்றது. கடற்படை டேவியின் உதவியை நாடியது. 1824-இல் அவர் ராயல் சொசைட்டியில் தம் முடிவை வெளியிட்டார்: தாமிரத்தோடு சிறிதளவு துத்தநாகத்தையோ இரும்பையோ இணைத்தால் போதும், அரிப்பு நின்றுவிடும். சமராங் என்ற கப்பலில் சோதித்தார்கள். தாமிரம் அப்படியே இருந்தது. ஆனால் கப்பலின் வேகம் குறைந்தது! அதுவரை கரைந்துகொண்டிருந்த தாமிரம்தான் கடற்பாசியையும் கொட்டலசுகளையும் அண்டவிடாமல் நஞ்சாக இருந்து விரட்டியிருக்கிறது. கரைவது நின்றதும் அவை அடிப்பாகமெங்கும் குடியேறிவிட்டன. கடற்படை அந்த முறையைக் கைவிட்டது. அறிவியல் கைவிடவில்லை. இன்று எஃகுக் கப்பல்கள், கடலடிக் குழாய்கள், நம் வீட்டுக் குளியலறைத் தொட்டி என எல்லாம் டேவியின் வழியில்தான் காக்கப்படுகின்றன.

புதிய மக்னீசியம் கம்பி விரல் பருமனில் வழவழப்பாக இருக்கும். சில ஆண்டுகள் போர்வெல் தண்ணீரில் கிடந்த கம்பியைப் பிளம்பர் கழற்றி வெளியே எடுக்கும்போது பாருங்கள். மேலெல்லாம் குழி; சில இடங்களில் கரடுமுரடாகக் குச்சி போல மெலிந்திருக்கும்; சில இடங்களில் நடுவிலுள்ள மெல்லிய இரும்புக் கம்பி மட்டும் மிஞ்சியிருக்கும். அந்த நிலைக்குப் பிறகு தொட்டிக்குக் காவல் இல்லை. ஒழுகத் தொடங்கிய தொட்டியை ஒட்டுப்போட்டு மீட்பது அநேகமாக முடியாது. கம்பியின் விலையோ புதிய கெய்சரின் விலையில் மிகச் சிறு பங்கு. ஆண்டுக்கு ஒரு முறையோ, தண்ணீர் நன்றாக இருந்தால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையோ, மெக்கானிக்கிடம் "கம்பியைக் கழற்றிக் காட்டுங்கள்" என்று கேட்பது கெய்சருக்கு நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம்.

கெய்சருக்கு இன்னொரு பகை, உப்பு. சர்க்கரையும் சமையல் உப்பும் சூடான நீரில் நன்றாகக் கரையும். நிலத்தடி நீரிலுள்ள கால்சியம் பைகார்பனேட் இதற்கு நேர்மாறு. சூடேறினால் அது சிதைந்து கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டுக் கால்சியம் கார்பனேட்டாகப் படிந்துவிடும். அதாவது, சுண்ணாம்புக்கல். தண்ணீரிலேயே அதிகச் சூடான இடம் ஹீட்டர் காயிலின் மேற்பரப்பு என்பதால் படிவும் அங்கேதான் முதலில் ஏறும். வேறு நீர் கிடைக்காத இடங்களில் லிட்டருக்கு 600 மில்லிகிராம் வரை கடினத்தன்மையைக் குடிநீருக்கான இந்தியத் தரக் கட்டுப்பாடு அனுமதிக்கிறது. அத்தகைய நீரில் 1000 லிட்டருக்குள் 600 கிராம் அளவுக்குச் சுண்ணாம்புக்கல்லின் சரக்கு கரைந்து கிடக்கிறது என்று பொருள். அதில் ஒரு பகுதி படிந்தாலும் எவ்வளவு சேரும் என்று எண்ணிப் பாருங்கள்.

தாமிரம் வெப்பத்தைக் கடத்தும் திறனில் நூறில் ஒரு பங்குகூட இந்தப் படிவுக்குக் கிடையாது. காயிலில் பிறக்கும் வெப்பம் நீருக்குப் போக வழியில்லாமல் உள்ளேயே தேங்கும். காயில் தன் சூட்டிலேயே வெந்துபோகும். தெர்மோஸ்டாட்டை உச்சத்தில் வைத்துவிட்டு, பிறகு பச்சைத் தண்ணீரைக் கலந்து குளிப்பது பல வீடுகளின் வழக்கம். சூடு கூடக் கூடப் படிவும் கூடும், மின்சாரமும் வீண். 60 டிகிரி செல்சியசை ஒட்டி வைத்தால் கிருமிகள் பெருகாத அளவுக்குச் சூடும் இருக்கும், காயிலும் நீடிக்கும்.

பத்து டிகிரியின் விலை

வெப்பத்தைப் பற்றி இங்கே நின்று பேச வேண்டும். மின்சாதனங்களின் ஆயுளை அதைப் போலத் தின்பது வேறொன்றில்லை.

மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் தாமிரக் கம்பியின் மேல் எனாமல் படலம் ஒன்று உண்டு. தடிமன் மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். பக்கத்துப் பக்கத்துச் சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் தடுப்பது அதுவே. சூட்டில் அதன் மூலக்கூறுகள் மெல்ல மெல்ல உடைகின்றன. வேதிவினைகளின் வேகம் வெப்பத்தோடு எப்படிப் பாய்ச்சலாக ஏறுகிறது என்பதை ஸ்வீடன் வேதியியலர் ஸ்வாந்தே அரீனியஸ் 1889-இல் விளக்கினார். 1930-இல் அமெரிக்கப் பொறியாளர் மான்ட்சிங்கர் டிரான்ஸ்ஃபார்மர்களின் காப்புப் பொருளை ஆராய்ந்து, சுமார் 8 டிகிரி கூடினாலே ஆயுள் பாதியாகிவிடுவதைக் காட்டினார். பத்து டிகிரிக்குப் பாதி என்பது இன்று பொறியாளர்கள் கையாளும் பொதுக் கணக்கு. இருபது ஆண்டு தாங்கும் வைண்டிங், பத்து டிகிரி கூடுதலாகச் சூடேறினால் பத்து ஆண்டு. இருபது டிகிரி கூடினால் ஐந்து. முப்பது கூடினால் இரண்டரை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு மிக்சியைப் பாருங்கள். சட்னி அரைக்கும்போது பிளேடு திடீரென்று கெட்டியான இடத்தில் திணறுகிறது, சத்தம் மாறுகிறது. அந்தக் கணத்தில் உள்ளே நடப்பது இது: சுழலும் மோட்டார் தானே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கி, உள்ளே வரும் மின்சாரத்தை எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கும். சுழற்சி குறைந்தால் அந்த எதிர்ப்பும் குறையும். மின்சாரம் வெள்ளமாக உள்ளே பாயும். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. மோட்டாரைக் குளிர்விக்கும் சிறு விசிறியோ அதே தண்டில்தான் இருக்கிறது. தண்டு மெதுவாகச் சுற்றினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். சூடு ஏறும் நேரத்தில் காற்று குறைகிறது. அப்போதுதான் வைண்டிங் வாசனை வருகிறது.

மிக்சியின் மோட்டாரைக் காக்க வரிசையாக மூன்று காவலாளிகள். முதலாவது கப்ளர்: ஜாடி உட்காரும் இடத்தில் பல் பல்லாக இருக்கும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் துண்டு. பிளேடு ஒரேயடியாகச் சிக்கிக்கொண்டால் இதன் பற்கள் சிதைந்து மோட்டாரைக் காப்பாற்றும். இரண்டாவது, அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தான். அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் தானே வெளியே துருத்திக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிடும். மோட்டார் ஆறுவதற்குள் அதை அமுக்கி மறுபடி ஓட்டுவது, காவலாளி கத்தும்போது அவன் வாயைப் பொத்துவது.

மூன்றாவது கார்பன். சுழலும் தாமிரப் பட்டைகளில் உரசி மின்சாரத்தை உள்ளே கொடுக்கும் இரண்டு சிறு கரிக்கட்டிகள் இவை. கடினமான தாமிரம் தேயாமல் மென்மையான கார்பன் தேய வேண்டும் என்பதே ஏற்பாடு. இந்தக் கிராஃபைட் கார்பனுக்கு ஒரு விசித்திரம் உண்டு. அதன் வழுக்கும் குணத்துக்குக் காற்றிலுள்ள ஈரம் தேவை. இரண்டாம் உலகப் போரின்போது மிக உயரத்தில் பறந்த விமானங்களில் ஜெனரேட்டர் கார்பன்கள் நம்ப முடியாத வேகத்தில் தூளாகிப்போயின. ஆராய்ந்தபோது, அங்கிருந்த வறண்ட காற்றே காரணம் என்று தெரிந்தது. நீராவி இல்லாவிட்டால் கிராஃபைட் தாள்கள் ஒன்றின் மேல் ஒன்று சறுக்காமல் கடித்துக்கொள்கின்றன.

காற்றுத் துளைகள் வழியே சிறு நீலப் பொறி தெரிவது சாதாரணம். பெரிதாகப் பொறி பறந்து, கருகிய வாடையும் வந்தால் கார்பன் தீர்ந்துவிட்டது என்று பொருள். அப்படியே ஓட்டினால் கார்பனைத் தள்ளிப் பிடிக்கும் ஸ்பிரிங் தாமிரப் பட்டைகளைக் கீறிவிடும். பிறகு சுழலும் பாகமான ஆர்மேச்சரையே மாற்ற வேண்டும். உடனே மாற்றியிருந்தால் கார்பன் ஜோடியோடு செலவு முடிந்திருக்கும். ஜாடியின் அடியிலிருந்து கறுப்பாகக் கசிந்தால் உள்ளே பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. அந்த ஈரம் மோட்டாருக்குள் இறங்குவதற்குள் ஜாடியைக் கடைக்கு அனுப்ப வேண்டும்.

கிரைண்டரில் மோட்டாரைக் காக்கும் வேலையைப் பெல்ட் செய்கிறது. 1955-இல் கோயம்புத்தூரில் சபாபதி உருவாக்கிய வெட் கிரைண்டர், உரலும் குழவியும் செய்த வேலையை மோட்டாரிடம் ஒப்படைத்தது. கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. உளுந்து கெட்டிப்பட்டுக் கல் திணறினால் பெல்ட் வழுக்கி, மோட்டாருக்குத் தப்பிக்க வழி கொடுக்கும். வழுக்கவே கூடாது என்று பெல்ட்டை வில்நாண் போல இறுக்கிவிட்டால் அந்த இழுப்பு முழுவதும் பேரிங்கின் தலையில் விழும். வழுக்கினால் முதலில் மாவுக்குத் தண்ணீர் தெளியுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பெல்ட்டை மாற்றுங்கள்.

தன்னைத் தானே குணப்படுத்தும் கண்டன்சர்

மின்விசிறி முன்பு போலச் சுற்றவில்லை, காற்று வரவில்லை என்ற புகாரோடு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் பெரும்பாலும் அவர் கண்டன்சரைத்தான் முதலில் தொடுவார். பாடப் புத்தகத்தில் மின்தேக்கி. வழக்கமான சீலிங் ஃபேனில் 2.5 மைக்ரோஃபாரட் அளவில், தீப்பெட்டி அளவே இருக்கும் இந்தப் பெட்டி, இரண்டாவது காயிலுக்குப் போகும் மின்சாரத்தைச் சற்று முன்தள்ளிக் கொடுத்து மோட்டாரைச் சுழலச் செய்கிறது.

அதன் உள்ளே நடப்பது அதிசயம். மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் மேல் அதைவிடப் பன்மடங்கு மெல்லிய உலோகப் பூச்சு. மின்னழுத்தம் திடீரென்று எகிறும்போது படலத்தின் பலவீனமான ஒரு புள்ளியில் மின்சாரம் துளைத்துக்கொண்டு பாயும். சாதாரணமாக அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் பாய்ந்த இடத்தின் சூட்டில் சுற்றியுள்ள உலோகப் பூச்சு நொடியில் மிகச் சிறு பங்குக்குள் ஆவியாகிவிடுகிறது. துளையைச் சுற்றி உலோகமில்லாத ஒரு சிறு வட்டம் மிஞ்ச, அந்தக் காயம் தனிமைப்பட்டுவிடுகிறது. கண்டன்சர் தொடர்ந்து வேலை செய்கிறது. ஒவ்வொரு முறை குணமாகும்போதும் அது தன் பரப்பில் ஒரு துளியை இழக்கிறது. ஆண்டுக்கணக்கில் அந்த இழப்புகள் சேர்ந்து, ஒரு நாள் விசிறி மெதுவாகிறது. அதன் பிறகும் மாற்றாமல் ஓட்டினால் இழுக்க முடியாத பாரத்தை மோட்டார் இழுத்துச் சூடேறும். பத்து டிகிரிக் கணக்கு அங்கேயும் காத்திருக்கிறது.

விசிறி இறக்கையில் தூசி படிவதும் இயற்பியல்தான். இவ்வளவு வேகமாகச் சுற்றும் இறக்கையில் தூசி எப்படி ஒட்டுகிறது? ஜெர்மானியரான லுட்விக் பிராண்டல் 1904-இல் இதற்கு அடிப்படை சொன்னார். எந்தப் பரப்பை உரசிச் சென்றாலும் காற்றின் கடைசி அடுக்கு அந்தப் பரப்போடு ஒட்டிக்கொண்டே நகரும். இறக்கைக்கு மிக அருகில் காற்று ஏறக்குறைய அசையாமல் இருக்கிறது. அந்த அடுக்குக்குள் வந்துவிட்ட நுண்தூசியை எந்த வேகமும் ஊதித் தள்ளாது. கையால்தான் துடைக்க வேண்டும். மோட்டார் மூடியின் காற்றுத் துளைகளையும் சேர்த்துத் துடைத்தால் உள்ளிருக்கும் சூடு வெளியேறும். தூசிப் போர்வை எந்த மோட்டாருக்கும் ஆகாது.

கதவை மூடும் காந்தம்

ஃப்ரிஜ் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையின் பெயர் கேஸ்கட். அதற்குள் நெளியக்கூடிய காந்தப் பட்டை ஒன்று ஓடுகிறது. ஒரு காலத்தில் ஃப்ரிஜ் கதவுகள் வெளியே தாழ்ப்பாளோடு வந்தன. விளையாட்டாக உள்ளே ஒளிந்த குழந்தைகள் திறக்க முடியாமல் மூச்சுத் திணறி இறந்த துயரங்கள் அமெரிக்காவில் நடந்தன. 1956-இல் அங்கே இயற்றப்பட்ட சட்டம், உள்ளிருந்தும் திறக்கும்படி கதவு அமைய வேண்டும் என்றது. காந்தப் பட்டை பரவியது அப்படித்தான்.

அந்தப் பட்டையில் எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்கும் ஏறி விறைத்துப்போனால் ஈரக்காற்று உள்ளே நுழையும். காற்றின் ஈரம் குளிர்குழாய்களில் பனியாகப் படியும். ஓய்வில்லாமல் கம்ப்ரசர் ஓடும். ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் அந்த இடத்தில் பிடிப்பு இல்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து மாதம் ஒரு முறை கேஸ்கட்டைத் துடைத்து வந்தால் பல ஆண்டுகள் மென்மையாகவே இருக்கும்.

பின்சுவருக்கும் ஃப்ரிஜுக்கும் இடையே இடைவெளி ஏன் தேவை? உள்ளேயுள்ள சூட்டை வெளியே கொண்டுவந்து கொட்டுவதுதான் ஃப்ரிஜின் முழு வேலை. கொட்ட இடமில்லாவிட்டால், சூட்டைச் சுமந்து குழாய்களில் ஓடும் வாயுவின் அழுத்தமும் வெப்பமும் ஏறும். கம்ப்ரசர் அந்த அழுத்தத்தை எதிர்த்து முண்ட வேண்டும். மின்சாரம் போய் உடனே திரும்பும்போதும் இதே சங்கடம்தான். ஓடி நின்ற கம்ப்ரசரின் ஒருபுறம் வாயு அழுத்தம் அதிகம், மறுபுறம் குறைவு. நூல் போன்ற குழாய் வழியே இரண்டும் சமமாக மூன்று முதல் ஐந்து நிமிடம் பிடிக்கும். அதற்குள் மோட்டார் புறப்பட முயன்றால் சுழல முடியாமல் பலமடங்கு மின்சாரத்தை இழுத்துச் சூடேறும். கரண்ட் வந்தும் சில நிமிடம் தாமதித்தே இணைப்புக் கொடுக்கும் ஸ்டெபிலைசர் இதற்காகத்தான் அப்படி அமைக்கப்பட்டது. அது இல்லாத வீடுகளில் ஸ்விட்சை அணைத்து, ஐந்து நிமிடம் பொறுத்துப் போடலாம்.

ஃப்ரீசரில் பாறையாகிவிட்ட பனியைக் கத்தியால் குத்திப் பெயர்ப்பதை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். மெல்லிய அலுமினியத்துக்குள் வாயு ஓடுகிறது. ஒரு குத்து போதும். இன்றைய பல ஃப்ரிஜ்களில் இருக்கும் ஐசோபியூட்டேன் தீப்பற்றக்கூடியது. அணைத்து வைத்தால் பனி தானே உருகிவிடும்.

நூறு கிராம், நாற்பது கிலோ

வாஷிங் மெஷின் துணி பிழியும்போது குதிப்பதற்குக் கணக்கு ஒன்று இருக்கிறது. முன்கதவு மெஷினின் டிரம் நிமிடத்துக்கு 1200 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்வோம், நொடிக்கு 20. டிரம்மின் ஆரம் 25 சென்டிமீட்டர். ஓரத்தில் இருக்கும் துணி உணரும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 400 மடங்கு. ஒருபக்கமாக 100 கிராம் கூடுதலாகச் சேர்ந்துவிட்டால், அது 40 கிலோ எடைக்குச் சமமான விசையோடு பேரிங்கை இழுக்கும், நொடிக்கு இருபது முறை திசை மாறி. அந்தக் குலுக்கலை அடக்கவே மெஷினுக்குள் கனமான கான்கிரீட் கட்டி ஒன்றைப் பொருத்துகிறார்கள்.

தனியாக ஒரே ஒரு கனத்த போர்வையைப் போட்டுத் துவைத்தால் அது பந்தாகச் சுருண்டு ஒருபக்கம் ஒதுங்கும். சிறு துணிகளோடு கலந்து போட்டால் எடை பரவும். நான்கு கால்களும் தரையில் சமமாக ஊன்றியிருக்கின்றனவா என்று ஆண்டுக்கொரு முறை பார்க்க வேண்டும். இங்கே தேயும் காவலாளி பேரிங்குக்கு முன்னால் இருக்கும் ரப்பர் சீல். அது போனால் தண்ணீர் பேரிங்குக்குள் நுழைந்து கடகடவென்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. அளவுக்கு மீறிப் போட்ட சோப்புத்தூள் முழுதாக அலசப்படாமல் டிரம்மின் பின்னால் படிந்து, அதைத் தாங்கும் அலுமினியச் சட்டத்தை அரிக்கும். எனவே தூளைக் குறையுங்கள். துவைத்து முடித்ததும் கதவைத் திறந்து காயவிடுங்கள்.

ஆவியாகும் தண்ணீர்

இன்வர்ட்டர் பேட்டரியில் தீர்ந்துபோகும் பாகம் தண்ணீர். காஸ்டன் பிளாண்டே 1859-இல் உருவாக்கிய ஈய அமில மின்கலம்தான் இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. சார்ஜ் நிறையும் கட்டத்தில் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறும். அமிலம் போவதில்லை; தண்ணீர் மட்டுமே போகிறது. ஆகவே டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான் ஊற்ற வேண்டும். அமிலத்தையும் குழாய்த் தண்ணீரையும் ஊற்றக் கூடாது. மட்டம் இறங்கித் தகடுகள் காற்றைப் பார்த்தால் அந்தப் பகுதி திரும்பாமல் கெட்டுவிடும். முழுவதும் தீர்ந்த பேட்டரியை அப்படியே போட்டுவைத்தால் தகட்டில் படிந்த ஈய சல்பேட் இறுகி, பிறகு சார்ஜுக்கு மசியாது. பேட்டரி இருக்கும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும், நெருப்பு கூடாது. வெளியேறுவது ஹைட்ரஜன்.

கேட்க வேண்டிய கேள்வி

2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவைக் கொட்டியது என்கிறது ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கை. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. பூமியைத் தோண்டி எடுத்த தாமிரமும் அலுமினியமும் ஈயமும் அதற்குள் கிடக்கின்றன. ஒரு கார்பன் ஜோடியும் கண்டன்சரும் மாற்றப்பட்டிருந்தால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் சாதனங்களும் அந்தக் குவியலில் உண்டு.

பிரான்ஸ் 2021-இல் வாஷிங் மெஷின் உள்ளிட்ட சில சாதனங்களின் மேல், அவற்றைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு மதிப்பெண் ஒட்டச் சொன்னது. பிரித்துப் பார்க்க முடிகிறதா, உதிரிப்பாகம் கிடைக்கிறதா, என்ன விலை என்பதெல்லாம் அந்த மதிப்பெண்ணில் அடங்கின. இந்தியாவிலும் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று 2022 இறுதியில் நுகர்வோர் விவகாரத் துறை ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. நல்ல தொடக்கம்தான். ஆனால் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் ஊர்க் கடைத்தெருவில் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் என்று பலகை மாட்டி உட்கார்ந்திருப்பவருக்கு இந்தக் காவலாளிகள் எல்லோரையும் பெயர் சொல்லித் தெரியும். அவரிடம் பாகத்தை மாற்றும்போது அருகில் நின்று பாருங்கள். மாற்றிய தேதியைச் சாதனத்தின் பின்புறம் ஒட்டிவையுங்கள்.

அடுத்த முறை புதிதாக ஒன்று வாங்கப் போகும்போது, எத்தனை வாட்ஸ், எத்தனை நட்சத்திரம் என்று கேட்பதோடு இதையும் கேளுங்கள்: இதில் முதலில் தேயக்கூடிய பாகம் எது, அது எங்கே இருக்கிறது, தனியாகக் கிடைக்குமா, என்ன விலை? கடைக்காரரிடம் பதில் இல்லாவிட்டால், பதில் சொல்லக்கூடிய கடையிலேயே வாங்குங்கள்.